நனைவதற்கென்று ஒரு துணி

பெட்டி அடுக்குவதைப் பற்றி என் அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில்தான் அவர் ஆயுளில் பாதி கழிந்தது. முதலில் செக்கிங், பிறகு அயர்ன் மேஜைக்குப் பக்கத்தில் மடிப்பு, கடைசியில் பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிக் கணக்கு. டி-ஷர்ட்டை மேஜையில் கவிழ்ப்பார், இரண்டு கையையும் முதுகுப்பக்கம் மடக்குவார், அடியைத் தூக்கிக் கழுத்தோடு சேர்ப்பார், திருப்பினால் நெஞ்சில் இருக்கும் படம் சரியாக நடுவில் வந்து நிற்கும். பாலிபேக்கில் தள்ளி அடுத்ததை எடுத்திருப்பார். இன்றைக்கும் வீட்டில் துவைத்த துணியை அப்படித்தான் மடிக்கிறார்.

அந்தப் பெட்டிகள் எங்கே போகின்றன என்பது அவருக்குத் தெரியும். ஐரோப்பாவின் கோடைக்கான ஆர்டர் எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையிலேயே ஓடத் தொடங்கிவிடும். தை, மாசிக்குள் லாரி ஏறித் தூத்துக்குடித் துறைமுகம் போய், பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறி, அங்கே வெயில் வருவதற்கு முன்னால் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தென்னைமரம் அச்சிட்ட பனியன், நங்கூரம் போட்ட அரைக்கால் சட்டை, சுறாமீன் படம் போட்ட குழந்தைத் துணி. கடற்கரையில் விடுமுறையைக் கழிக்கப்போகிறவர்கள் போடுவது எல்லாம். தலைமுறை தலைமுறையாக யார் யாரோ கடலில் இறங்கிக் குளித்துக் கரையேறிப் போட்டுக்கொண்ட துணியை மடித்த கை என் அம்மாவுடையது.

அவருக்குக் கடல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஈரம். வாரக்கணக்கில் கப்பலில் போகும் கன்டெய்னருக்குள் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி அடித்து, மேல் தகரத்தில் நீர் கோர்த்துச் சொட்டும். அட்டைப்பெட்டி ஊறும். துணியில் பூஞ்சை பூத்தால் சரக்கு மொத்தமும் திரும்பிவிடும். அதற்காகத்தான் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவார்கள். "ஒரு பொட்டலம் கொறைஞ்சா கடல் உள்ள வந்துரும் கண்ணு" என்று சொல்வார். கடல் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

2024 பிப்ரவரியில் அந்தமான் போவதென்று முடிவானது. நான், என் கணவர், மகள், கூட அம்மா. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குப் பருவமழை வருவதற்கு முந்தைய மாதங்களில் அங்கே கடல் அடங்கியிருக்கும் என்பதால் அந்த மாதம். அம்மா தன் பையைத் தானே கட்டிவைத்திருந்தார். திறந்து பார்த்தபோது அது எனக்கு நன்றாகத் தெரிந்த பை. ராமேஸ்வரம் பை.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கடல் என்பது பெரும்பாலும் ராமேஸ்வரம்தான். அக்னி தீர்த்தத்தில் புடவையோடு முங்கி எழுந்து, கோவிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டு, ஈரத்தோடு பிரகாரம் பிரகாரமாக நடந்து, பிறகு உலர்ந்த துணி மாற்றிக்கொண்டுதான் சாமி பார்க்கப் போக வேண்டும். அம்மா தன் அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போனபோது கடலில் இறங்கினார். பிறகு என் அப்பாவுக்காக இறங்கினார். இரண்டு தடவையும் நனைவதற்கு ஒரு பழைய புடவை, மாற்றுவதற்கு ஒரு புடவை, தலை துவட்ட ஈரிழைத் துண்டு, ஈரத்துணி போட ஒரு மஞ்சள் பை. துக்கத்துக்குக் கடலில் இறங்க வேண்டுமென்றால் என்ன வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

இந்தப் பையில் அந்தப் பழைய புடவை மட்டும் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல், இஞ்சி மரப்பா, எலுமிச்சம்பழம், தேங்காயெண்ணெய், மாத்திரை டப்பா, பாட்டில்களைச் சுற்றிக் கட்டப் பனியன் வேஸ்ட் துணி. பை கனமாகிவிடக் கூடாதென்று தன் புடவைகளைக் குறைத்திருந்தார்.

"நனையறதுக்கு ஒண்ணும் எடுத்துக்கலையாம்மா?"

"நான் எதுக்குக் கண்ணு எறங்கறது? நீங்க போயி வெளையாடுங்க. நான் கரையில உக்காந்து சாமானப் பாத்துக்கறேன்."

எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மெரினாவில், கன்னியாகுமரியில், திருச்செந்தூரில், கோவளத்தில். குடும்பம் மொத்தமும் அலையில் இருக்கும். கரையில் செருப்புகளின் குவியல், அதன்மேல் சட்டைகள், அதன்மேல் கைப்பைகள். பக்கத்தில் ஓர் அம்மாவோ அத்தையோ பாட்டியோ கால் நீட்டி உட்கார்ந்து, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, தண்ணீரில் இருக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டு ஆல்பத்திலும் அப்படி ஒரு படம் உண்டு. கன்னியாகுமரி. நாங்கள் எல்லோரும் நனைந்து சிரித்துக்கொண்டிருக்கிறோம். அம்மா காய்ந்த புடவையில், மடி நிறைய எங்கள் சட்டைகளோடு. அந்தப் படத்தில் அம்மாவுக்கு இப்போதைய என் வயதைவிடக் குறைவு.

அவருக்குத் தண்ணீர் பயமா என்றால் இல்லை. காங்கேயத்துப் பக்கம் பிறந்தவர். தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்மாரோடு குதித்து நீந்தி வளர்ந்தவர். வயதுக்கு வந்தபின் கிணறு நின்றது. அப்புறம் கல்யாணம், திருப்பூர், கம்பெனி. தண்ணீர் என்பது குழாயும் குடமும் மட்டுமே என்றாகிப்போனது. இறங்கக் கூடாதென்று அவரை யாரும் தடுத்ததாக நினைவில்லை. இறங்குவதற்கு ஒரு துணியை யாரும் அவருக்கு எடுத்துவைக்கவில்லை. பெட்டி கட்டும்போதே யார் நனையப்போகிறார்கள், யார் காய்ந்திருக்கப்போகிறார்கள் என்பது முடிவாகிவிடுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். பெட்டியில் இல்லாத துணி கரையில் வந்து முளைக்காது.

புடவையோடு கடலில் இறங்கலாமே என்று கேட்பார்கள். அக்னி தீர்த்தத்தில் முழங்கால் ஆழத்தில், அலையே இல்லாத தண்ணீரில், கைப்பிடித்து முங்குவதற்கு அது போதும். திறந்த கடலில் அலை வந்து திரும்பும்போது ஐந்தரை மீட்டர் துணி காலைச் சுற்றும், நீர் அதைப் பிடித்து இழுக்கும், விழுந்தவர் எழுந்திருக்கத் திணறுவார். அதிலும் பருத்தி. நான் மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவள், துணி பற்றிய கணக்கு என் தொழில். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே குடித்து உப்பிப்போகும். பாலியஸ்டரில் நீர் இழைகளுக்கு இடையில் நிற்கும், உதறினால் வடியும். நனைந்த வெளிர்நிறப் பருத்தி உடம்போடு ஒட்டி உள்ளே இருப்பதைக் காட்டும். வெயிலைத் தடுக்கும் சக்தியும் நனைந்தபின் அதற்குக் குறைந்துவிடும். வாழ்நாளெல்லாம் பருத்தியால் சோறு தின்ற ஊர்க்காரி சொல்கிறேன், கடலுக்குப் பருத்தி ஆகாது.

அப்படியானால் கடலில் வேலை செய்யும் பெண்கள் என்ன உடுத்துகிறார்கள்? மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களை மண்டபம், பாம்பன் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம். மரிக்கொழுந்துப் பாசிக்காகப் படகில் தீவுப் பக்கம் போய், மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து கையால் பிய்த்து எடுப்பவர்கள். புடவையை வேட்டி மாதிரி இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஆண்களின் சட்டையோ டி-ஷர்ட்டோ போட்டிருப்பார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருப்பார்கள், கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு. தங்கள் வேலைக்கான உடையைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டவர்கள். ராமேஸ்வரம் போன ஒரு தடவை, கரையில் பாசியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அம்மா வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: "அந்தம்மா போட்டிருந்தது நம்மூரு பனியந்தான். நெக் ரிப்பைப் பாத்தாலே தெரியுது."

அந்தப் பேச்சைத்தான் இப்போது எடுத்தேன். "அவங்க எறங்கறாங்களே, நீ எறங்கினா என்னம்மா?" என்றேன். "அவங்களுக்குப் பொழப்பு" என்றார். "சரி, உனக்குப் பொழப்பு முடிஞ்சுது. இப்ப எறங்கு." அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என்னத்தப் போட்டுட்டு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

உடம்பை மூடிக் கடலில் இறங்க வேண்டுமென்று விரும்பிய பெண்கள் உலகில் நிறைய உண்டு. ஆஸ்திரேலியாவில் அஹெடா ஜனெட்டி என்பவர் 2004-இல் முஸ்லிம் பெண்களுக்காக புர்கினியை வடிவமைத்தார். 2011-இல் சிட்னியின் பாண்டி கடற்கரையில் சமையல் எழுத்தாளர் நைஜெல்லா லாசன் வெயிலுக்காக அதைப் போட்டுக்கொண்டு இறங்கியது பத்திரிகைகளில் படமாக வந்தது. தென்கொரியாவின் ஜெஜு தீவில் முங்கிச் சிப்பி எடுக்கும் ஹென்யோ பெண்கள் 1970-களில் ரப்பர் உடைக்கு மாறும்வரை பருத்தி உடுப்போடுதான் குளிர்கடலில் இறங்கினார்கள். துணிதான் வேண்டும், துணிச்சல் அவர்களிடம் முன்பே இருந்தது. கடையில் விற்கும் நீச்சல் உடைகளை போனில் அம்மாவிடம் காட்டினேன். எல்லாம் உடம்பைக் கவ்விப் பிடிக்கிற லைக்ரா. அம்மா ஒவ்வொன்றையும் பெரிதாக்கித் தையலைப் பார்த்தார், ஃப்ளாட்லாக் நன்றாயிருக்கிறது என்றார், போட மாட்டேன் என்றார்.

அதனால் தைத்தோம். சாம்பிள் செக்‌ஷனில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, அம்மாவோடு ஒரே கம்பெனியில் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை வீட்டு மிஷினில் தைத்துத் தருவதாகச் சொன்னார். துணி நான் கொண்டுவந்தேன், அடர்நீலப் பாலியஸ்டர் இன்டர்லாக். இறுக்கமான பின்னல், ஒட்டாது, ஒளி ஊடுருவாது. முழங்கால்வரை நீண்ட மேல்சட்டை, முழுக்கை, பக்கவாட்டில் வெட்டு, கணுக்கால்வரை பேன்ட், இடுப்பில் எலாஸ்டிக்கோடு கயிறும். அலை எலாஸ்டிக்கை மதிக்காது என்பதால் கயிறு வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன்.

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டார். தளர்வான சட்டை தண்ணீரில் மிதந்து மேலே ஏறும் என்று சொன்னவர் அவர். கிணற்றில் பாவாடை குடைபோல் விரிந்தது அவருக்கு நினைவிருந்தது. சட்டையின் உள்பக்கம் ஒரு பட்டி வைத்து, பேன்ட் இடுப்பில் காஜா பட்டன் போட்டு மாட்டினார்கள். ஊக்கு எதுவும் கூடாது என்றார். உப்புத் தண்ணீரில் துரு ஏறும் என்பது ஒரு காரணம். குழந்தைத் துணியை நீடில் டிடெக்டரில் விட்டு, உடைந்த ஊசிமுனை ஒன்றுகூடப் போகாமல் பார்த்த பழக்கம் இன்னொரு காரணம். தைத்து வந்ததும் குளியலறையில் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். வெள்ளைப் பனியன் துண்டால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். நனைந்த துணியை ட்யூப்லைட்டுக்கு எதிரே விரித்துப் பிடித்து, உள்ளே கையை விட்டு, கை தெரிகிறதா என்று பார்த்தார். செக்கிங் மேஜையில் ஓட்டை தேடிய அதே கண். பிறகு போட்டுக்கொண்டு தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நடந்து காட்டினார். மகள் கைதட்டினாள். "பாக்கெட் வெக்காம உட்டுட்டா. தொறந்து தைக்கச் சொல்லு" என்றார் அம்மா.

ஒன்றுக்கு இரண்டாகத் தைக்க வைத்ததும் அவர்தான். எந்த ஆர்டருக்கும் கட்டிங்கில் சில பீஸ் சேர்த்து வெட்டுவது எங்கள் ஊர் வழக்கம், டேமேஜ் போனால் ஈடுகட்ட. "எச்சா ஒண்ணு இருக்கட்டும். கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்றார்.

உடை முடிவானதும் மற்றவை தாமாக இடம்பிடித்துக்கொண்டன. அவருக்குச் சர்க்கரை உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மதிய மணலின் சூடு கொப்புளம் போட்டபின்தான் தெரியும். பவளப்பாறை கீறினால் புண் ஆறுவதற்கு நாளாகும். ஆகவே தண்ணீரில் போட்டுக்கொண்டே நடக்கிற ரப்பர் அடிக் காலணி. ரத்த அழுத்த மாத்திரையின் அட்டையைப் படித்தால் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருந்தது. தோலை வெயில் எளிதில் பொசுக்கிவிடும் மருந்து அது. முழுக்கைச் சட்டை அதற்கும் விடை. முகத்துக்கும் புறங்கைக்கும் மட்டும் சன்ஸ்கிரீன் போதும். அதையும் என் மகள் பின்பக்க எழுத்தைப் படிக்காமல் பையில் போட விடவில்லை. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இரண்டும் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2018-இல் சட்டம் போட்டு, 2021 முதல் அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பதை நிறுத்தியிருக்கிறது. துத்தநாக ஆக்சைடு கலந்தது ஒன்றை வாங்கினோம். துணி எவ்வளவு மூடுகிறதோ அவ்வளவுக்குக் களிம்பு குறைவு, கடலில் கரைவதும் குறைவு.

கொப்பரைக்கு ஒரு சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். துருவிக்கொள்ளலாம் என்று நாலைந்து கொப்பரைகளைப் பைக்குள் வைத்திருந்தார். விமானத்தில் அதைக் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விதி. சொன்னதும் சண்டை வரவில்லை. "ஆமா, குவிச்சு வெச்சா உள்ள கை வெக்க முடியாது, கொதிக்கும்" என்று காங்கேயத்துக் கொப்பரைக் களங்களை நினைத்துச் சொல்லி எடுத்து வெளியே வைத்துவிட்டார். பொடி வகைகள் வந்தன, ஆனால் தேவைப்படவில்லை. போர்ட் பிளேயரில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், தமிழ் கேட்காத தெரு குறைவு, இட்லிக்குத் தேட வேண்டியதில்லை.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா பழைய பொட்டலங்களை வீட்டில் சேர்த்துவைப்பார், அரிசிப் பானை முதல் நகைப்பெட்டிவரை எங்கும் கிடக்கும். போன், மாத்திரை, கேமரா என்று ஈரம் படக் கூடாதவை எல்லாவற்றோடும் ஒவ்வொன்றைச் செருகினார். பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலிபேக்கில் போட்டு, மேலே மார்க்கரில் எழுதினார். கடைசியில் எல்லாம் சேர்ந்து, வாயைச் சுருட்டிப் பூட்டினால் தண்ணீர் புகாத ஒரே ஒரு பைக்குள் அடங்கியது. கரைக்கு இந்த ஒரு பைதான் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காவல் காக்க ஒன்றும் இல்லாவிட்டால் காவலாளி தேவையில்லை. நகை, கடிகாரம், கூடுதல் செருப்பு, தின்பண்டம் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்று உண்டென்றால் இதுதான்: கரையில் குவியல் போடாதீர்கள், அதன் பக்கத்தில் ஒரு பெண் உட்கார வேண்டிவரும்.

சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து ஸ்வராஜ் தீவுக்குப் படகு, 2018 வரை ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட தீவு. படகு ஆடியபோது இஞ்சி மரப்பா முன்வரிசைவரை கைமாறியது. நாங்கள் தங்கிய விஜயநகர் பக்கம் கடல் இறக்கத்தில் வெகுதூரம் உள்வாங்கிப் பாறையும் பவளத்துண்டும் வெளியே தெரியும், நீந்த நீர் போதாது. ரப்பர் காலணியின் அருமை அங்கே தெரிந்தது. 1950-களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளி அகதிகள் குடியேறிய தீவு அது.

குளிப்பதற்கு ராதாநகர் போனோம். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்ன இடம். அந்தப் பட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது 2020-இல் கிடைத்த நீலக்கொடிச் சான்று. அந்தச் சான்றுக்குக் கழிப்பறை வேண்டும், உயிர்காப்பு ஏற்பாடு வேண்டும்; உடைமாற்றும் அறையும் அங்கே இருந்தது. நனைந்த பெண்ணுக்கு உடைமாற்ற ஒரு கதவுள்ள அறை இல்லாத கடற்கரையை யார் எவ்வளவு புகழ்ந்தாலும் அது பாதிப்பேருக்கான கடற்கரைதான். காலை வேளையில் போனோம். அந்தமான் கிழக்கே இருந்தாலும் நம் கடிகாரத்தைத்தான் பின்பற்றுகிறது, பிப்ரவரியில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். மாலையை நம்பினால் இருட்டும் மணல் ஈயும்தான். மணல் ஈக்கு அம்மாவின் தேங்காயெண்ணெயைக் கால் முழுக்கப் பூசிக்கொண்டோம்.

அம்மா உடைமாற்றி வந்தார். பையை ஒரு மரக்கிளையில் மாட்டினோம். உயிர்காப்பாளரிடம் போய் எதுவரை இறங்கலாம் என்று கையைக் காட்டிக் கேட்டுவிட்டு, என்னையும் மகளையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தார். கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஒரு அலை வந்தது, நான் கையை இறுக்கினேன், அம்மா உதறிவிட்டு அதற்குள் முங்கினார். அந்தப் பக்கம் எழுந்தபோது முகத்தில் முடி ஒட்டியிருந்தது, வாய் திறந்திருந்தது, உப்பைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அப்புறம் கிணற்று நீச்சல். கையைத் தண்ணீருக்கு மேல் தூக்காமல், காலால் உதைத்து, தலையை நிமிர்த்திக்கொண்டு போகிற அந்த நீச்சலை நான் அதுவரை பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்பதைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, கண்ணால் அன்றைக்குத்தான் பார்த்தேன். நெஞ்சு நிறைந்து போயிற்று. இதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சட்டை மேலே ஏறவில்லை. பட்டியும் பட்டனும் நின்றன.

களைத்துக் கரையேறியபோது பக்கத்து மரத்தடியில் ஒரு அம்மா இருந்தார். திண்டுக்கல் பக்கம். மகனும் மருமகளும் பேரன்களும் தண்ணீரில், இவர் செருப்புகளோடு. அம்மாவின் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "இது எங்கீங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். தைத்த கதை தொடங்கியது. துணியின் பெயர், பட்டி, கயிறு, பாக்கெட். பேசிக்கொண்டே அம்மா என் மகளைப் பையை எடுத்துவரச் சொல்லி, இன்னொரு பாலிபேக்கைப் பிரித்தார். அந்த எச்சான பீஸ். "எனக்கெதுக்குங்க" என்றார் அவர். "இதெல்லாம் யாரு பாத்துக்கறது?"

அம்மா தண்ணீர்ப் பக்கம் திரும்பி, பேக்கிங் செக்‌ஷனில் கன்டெய்னர் வந்து நிற்கும்போது கூப்பிடும் குரலில் அந்த மகனைக் கூப்பிட்டார். "தம்பி, சித்தெ இங்க வந்து உக்காருங்க. அம்மா குளிச்சுட்டு வரட்டும்." அந்தப் பையன், நல்ல பையன், உடனே வந்து மணலில் உட்கார்ந்தான். இருவரும் உடைமாற்றும் அறைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது அந்த அம்மா சட்டையின் முன்பக்கத்தைக் கையால் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார். இடுப்பளவு தண்ணீருக்குமேல் போகவில்லை. ஆனால் போனார். உட்கார்ந்து, அலை தோள்மேல் விழ விழ, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். சட்டையைத் துவைத்துத் தருகிறேன் என்று பிறகு முகவரி கேட்டதற்கு, வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கடலுக்கு ஆகும் என்று சொல்லிவிட்டார் அம்மா.

திரும்பும்போது பெட்டி கட்டுவது சுலபம். கரையில் பொறுக்கிய சங்கையும் பவளத்துண்டையும் மகளிடம் சொல்லி அங்கேயே போட வைத்தோம். செத்த பவளம் என்றாலும் எடுத்துச்செல்லத் தடை உண்டு, விமான நிலையத்தில் எக்ஸ்-ரேயில் கண்டுபிடித்து எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டாலும் அது அந்தக் கரையின் மணலாக வேண்டியது. ஈரத்துணியை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி உப்பைப் போக்கி, நிழலில் காயவைத்துக் கொண்டுவந்தார் அம்மா. படகு ஏறுவதற்குள் காய்ந்திருந்தது.

ஊருக்கு வந்த வாரம் பழைய பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். படங்களைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒருவர் படத்தில் அம்மாவின் தோள் தையலைத்தான் முதலில் பார்த்தார். ஆடி கழிந்ததும் எல்லோருமாக வேன் வைத்து ராமேஸ்வரம், அப்படியே அரியமான் கடற்கரை என்று பேச்சு ஓடியது. அரியமானில் அலை அடங்கியிருக்கும், குளிக்கலாம் என்று என் கணவர் சொன்னார்.

இரவு அம்மா ஒரு பழைய பேக்கிங் லிஸ்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அந்த நீலத் துணி இன்னும் ஒரு ரோல் கெடைக்குமா பாரு. எல் நாலு, எக்ஸெல் ஆறு, டபுள் எக்ஸெல் மூணு. கை நீளம் அரை இஞ்சு சேத்திக்கலாம், நனைஞ்சா மேல ஏறுது. பாக்கெட்டு இந்த வாட்டி ரெண்டு பக்கமும். அப்புறம் எச்சா ரெண்டு பீஸ் வெட்டிக்கச் சொல்லு."